எழுதுகோலும் துலாக்கோலும்

மட்டாஞ்சேரிப் பஜார் சாலையின் பண்டகசாலைகளில் மிளகு நிறுத்துக் கணக்கெழுதுவோரைக் கண்டிருக்கிறோம். மூட்டையைப் பார்த்த அளவில் அவர்கள் ஏட்டைத் திறப்பதில்லை. தராசு அசைவற்று நின்ற பிறகே எடையைப் பதிவர். பண்டத்திற்குக் காட்டும் இந்த நேர்மையை மனிதருக்குக் காட்டுகிறோமா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழும் நமக்கு, ஒரு சொல்லின் வலிமையை உணர்த்தியது தமக்கையாரின் நோய். மனநலம் குன்றிய அவர் சில மாதங்கள் ஓர் இல்லத்தில் தங்கியிருந்தார். பாட்டு, பல்லாங்குழி, பூத்தொடுத்தல் முதலியவற்றால் மனத்தை மீட்கும் மனமகிழ் சிகிச்சை அங்கே உண்டு. நாள்தோறும் அதன் முடிவில் முன்னேற்றக் குறிப்பும் எழுதுவர். தமக்கையாரின் ஏட்டில் பதினொரு நாள் தொடர்ந்து 'ஒத்துழைக்கவில்லை' என்றே இருந்தது. பாட்டிலிருந்து அவரை நீக்கிவிடலாம் என்ற பரிந்துரையும் அதன்கீழ் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் வேறோர் அம்மையார் எழுதினார்: 'பாட்டுத் தொடங்கியதும் முகத்தை இடப்புறம் திருப்புகிறார். வலக்காது பாடுபவர் பக்கம் வருகிறது. விரல் தாளமிடுகிறது.' தமக்கையாருக்கு இடச்செவி கேளாது. பாட்டை வெறுத்து அவர் முகம் திருப்பவில்லை; கேட்பதற்காகவே திருப்பினார்! முன்னவர் எழுதியது தீர்ப்பு; பின்னவர் எழுதியது காட்சி.

இவ்விரண்டையும் பிரித்தெழுதும் முறை மருத்துவ உலகிற்குப் புதிதன்று. நோயாளி சொல்வது, நாம் காண்பது, அவற்றால் கருதுவது, இனிச் செய்வது என நான்கு படிகளாகக் குறிப்பெழுதும் ஒழுங்கு, அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல் விளக்கிய பதிவுமுறையிலிருந்து பரவியது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961இல் தலைமை ஏற்ற டாக்டர் சாரதா மேனன் காலத்தில் அங்கே தொழிற்சிகிச்சைக் கூடம் அமைந்தது. பூட்டிய கதவுக்குள் இருந்தவரின் கையில் வேலையைக் கொடுத்தால், அவரால் இயலாதது மட்டுமன்றி இயல்வதும் வெளிப்படும். வெளிப்பட்டதை எழுதவேண்டாவோ?

'கருத்தே கூறாமல் மருத்துவம் நடக்குமா? வேலைப்பளுவில் எல்லாவற்றையும் எழுத நேரமேது?' எனச் சிலர் வினவலாம். கருத்து வேண்டியதே. ஆயின் அது காட்சிக்குப் பின் வரவேண்டும். அம்மையார் எழுதியவை மூன்றே வரிகள். நேரம் மிகுதியாக வேண்டியிருந்தது எழுதுவதற்கன்று, பார்ப்பதற்கு.

நல்ல குறிப்புக்கு உரைகல் ஒன்றுண்டு: எழுதப்பட்டவரே அதைப் படித்தால் எழுதியவர் நாணவேண்டுமா? சட்டமும் இத்திசையில் நடந்திருக்கிறது. அரசு ஊழியரைப் பற்றிய ஆண்டறிக்கையின் ஒவ்வொரு மதிப்பீடும் அவருக்குத் தெரிவிக்கப்படவேண்டும் என 2008இல் உச்சநீதிமன்றம் தேவ்தத் வழக்கில் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை மனநோயாளிக்கு அளித்தது. கடுந்தீங்கு விளைக்கக்கூடிய செய்தியை மட்டும் நிறுத்திவைக்க அதில் இடமுண்டு. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. பொறுப்போடு எழுதச் சொல்கின்றன இவை.

பிறரைக் குறைகூறி முடித்தல் எளிது. தமக்கையாரின் ஏட்டை மூடியபோது நம் கையெழுத்தே கண்முன் நின்றது. காலந்தாழ்ந்து வந்த இளைய ஊழியர் ஒருவரைப் பற்றி 'அக்கறையற்றவர்' என்று மேலிடத்துக்கு ஒருமுறை குறிப்பு எழுதினோம். ஏன் தாழ்ந்தார் என்று நாம் கேட்டதேயில்லை. அவர் மாற்றலாகிச் சென்றுவிட்டார். அச்சொல் கோப்பில் இருக்கிறது.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை காட்டினார். நிறுக்கும் முன்னரே ஒருபுறம் சாய்ந்த கோல் எதையும் அளப்பதில்லை. நம் எழுதுகோலும் அத்தகையதே. மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதுமுன், அவர் முகம் எப்பக்கம் திரும்பியது என்பதோடு, செவி எப்பக்கம் இருந்தது என்பதையும் பார்ப்போமாக.