இடிக்கப்படவிருந்த வீடுகளின் முற்றம்

கிறைஸ்ட்சர்ச் மாணவர்கள் 2011இல் அள்ளிய சேற்றைப் பற்றிய ஒரு கேள்வி மனதை விட்டு நீங்க மறுக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி மதியம் 12.51க்கு நியூசிலாந்தின் அந்த நகரத்தை 6.3 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. 185 பேர் இறந்தார்கள். கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவரான சாம் ஜான்சன், ஐந்து மாதங்களுக்கு முன் வந்த நிலநடுக்கத்தின்போதே முகநூல் வழியாகத் தன் வயதினரைத் திரட்டித் துப்புரவுப் பணியில் இறக்கியிருந்தார். அந்தக் கூட்டம் இப்போது ஆயிரக்கணக்கில் பெருகியது. மாணவர் தன்னார்வப் படை என்ற பெயரில் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகக் கிழக்குப் புறநகர்களுக்குள் புகுந்து, முற்றம் முற்றமாகச் சேற்றை அள்ளித் தெருவோரம் கொட்டியது. அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, பெரும்பாலும் ஏவன் ஆற்றை ஒட்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கும் நிலம் இனி குடியிருக்க ஏற்றதல்ல என்று அரசு அறிவித்தது. பின்னர் சேர்க்கப்பட்டவற்றோடு அந்தத் தொகை எட்டாயிரத்தை ஒட்டி வந்தது. அரசு பெரும்பாலானவற்றை விலைக்கு வாங்கி இடித்தது. அப்படியானால், இடிக்கப்படவிருந்த வீட்டின் முற்றத்தைச் சுத்தம் செய்த உழைப்புக்கு என்ன மதிப்பு?

அந்தச் சேறு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். கடற்கரையின் ஈர மணலில் நின்று காலை அழுத்தி அசைத்தால் தரை இளகி நீர் மேலே ஊறுமே, அதுதான் ஒரு நகரத்தின் அடியில் நடந்தது. ஆறு கொண்டுவந்து படியவைத்த நுண்மணலும் வண்டலும், மேல்மட்டத்திலேயே நிற்கும் நிலத்தடி நீரும் சேர்ந்த நிலம் அது. அதிர்வில் நீரின் அழுத்தம் ஏற, மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடியை இழந்தன. மண் திரவமாகி, பிளவுகள் வழியே சாம்பல் நிறத்தில் பொங்கி வந்தது. அது கார் நிற்கும் இடத்தையும் வாசற்படியையும் மூடியது. உடைந்த சாக்கடைக் குழாய்களின் கழிவும் அதில் கலந்திருந்தது. ஈரமாக இருக்கும்வரை மண்வெட்டியை இழுக்கும் பாரம். காய்ந்த பிறகோ காற்றில் பறந்து மூச்சுக்குள் போகும் தூசி. முதுமையில் தனியாக வாழ்பவர் ஒருவருக்கு அதை அகற்றுவது நடவாத காரியம். அதை அகற்றாமல் வெளியே போவதும் எளிதல்ல.

நிவாரணப் பணியை நாம் பெரும்பாலும் எஞ்சி நிற்பதைக் கொண்டே அளக்கிறோம். எத்தனை வீடுகள் கட்டப்பட்டன, எத்தனை பள்ளிகள் எழுந்தன என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் மாணவர்களின் உழைப்பு பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடும். போதாக்குறைக்கு ஜூன் 13இல் வந்த அதிர்வுகளில் பல இடங்களில் மறுபடியும் மண் பொங்கியது. ஆனால் அந்த அளவுகோலே பிழை என்று நினைக்கிறேன். நிலத்துக்கு விலை பேசி, காப்பீட்டுத் தொகை கைக்கு வந்து, வேறு வீடு கிடைத்து மக்கள் வெளியேற மாதங்கள் ஆயின. பலருக்கு ஓரிரு ஆண்டுகள்கூட. அத்தனை காலமும் அவர்களில் பலர் அந்த வீடுகளில்தான் சமைத்தார்கள், தூங்கினார்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். துயரத்தில் இருப்பவருக்கு அந்த நாள்களும் வாழ்நாள்தான். பின்னால் ஒரு கட்டடம் மிஞ்சவில்லை என்பதற்காக, அந்த நாள்களைத் தாங்கக்கூடியதாக ஆக்கிய வேலையை வீண் என்று தள்ளினால், நோயாளி பிழைக்கவில்லை என்பதற்காகச் செவிலியரின் இரவுகளையும் வீண் என்று சொல்ல வேண்டிவரும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பயிற்சி இல்லாத இளைஞர்கள் பேரிடர் பகுதிக்குள் திரள்வது ஆபத்து, மீட்பவர்களுக்கே இடைஞ்சல். இது வெறும் அதிகாரிகளின் அச்சமல்ல. 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் சாதாரண மக்களே இடிபாடுகளிலிருந்து சுமார் 800 பேரை மீட்டார்கள் என்றும், அந்த முயற்சியில் சுமார் 100 பேர் தம் உயிரை இழந்தார்கள் என்றும் அமெரிக்கப் பயிற்சிக் குறிப்புகள் பதிவு செய்கின்றன. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்லிப் பரவசப்படுவது அந்த நூறு பேருக்குச் செய்யும் அநீதி. ஜான்சனே பின்னாளில் சொல்லியிருப்பதுபோல, முந்தைய செப்டம்பர் நிலநடுக்கத்தின்போது அவர் உதவ முன்வந்தபோது அதிகாரத் தரப்பு முதலில் ஆர்வம் காட்டவில்லை. அந்தத் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மாணவர்கள் எடுத்துக்கொண்ட வேலையைப் பாருங்கள். இடிந்த கட்டடங்களுக்குள் நுழையும் வேலையை அவர்கள் கேட்கவில்லை. யாரும் முன்னுரிமை தராத, ஆனால் ஒவ்வொரு வீட்டையும் முடக்கிய வேலையைத் தேர்ந்தார்கள். அதற்கு வேண்டியவை கையுறை, பூட்ஸ், வேலை முடிந்ததும் கை கழுவும் ஒழுங்கு, எந்தத் தெருவுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. டிராக்டர்களோடும் இயந்திரங்களோடும் வந்த விவசாயிகளும், குவியலை அள்ளிச் சென்ற லாரிகளும் இல்லாமல் அந்த உழைப்பு தெருவோரத்திலேயே தங்கிப்போயிருக்கும். உற்சாகத்தை அடக்கி ஒழுங்குக்குள் கொண்டுவந்ததுதான் ஜான்சனின் உண்மையான சாதனை என்பேன். புகழோ பெரும்பாலும் உற்சாகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட் 2009இல் வெளியிட்ட நூல் ஒன்று, பேரிடருக்குப் பின் மக்கள் கலவரப்படுவதைவிடக் கைகோப்பதே அதிகம் என்று வாதிட்டது. படித்ததில் இன்று மங்கலாகவே நினைவிருக்கிறது. 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் 1917 ஹாலிஃபாக்ஸ் வெடிவிபத்தும் அதில் வரும். அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் கைகோத்தலை மனித இயல்பின் தனிப் பெருமையாக மட்டும் பார்த்தால், அடுத்த பேரிடருக்கு எதுவும் தயாராகாது. ஜப்பான் வேறு வழியில் போனது. 1995 ஜனவரி 17இல் கோபே நகரம் சிதைந்து 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பத்து லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் திரண்டார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், பலருக்கு அதுவே முதல் அனுபவம். அந்தத் திரளை எங்கே அனுப்புவது என்று தெரியாத குழப்பமும் கூடவே இருந்தது. 1998இல் தன்னார்வ அமைப்புகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். இன்று அங்கே வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், உள்ளூர் சமூகநலக் குழுக்கள் தன்னார்வலர் மையம் திறந்து, யார் வீட்டுக்கு யார் போவது என்று பிரித்து அனுப்புகின்றன. எழுகிற கருணைக்கு முன்கூட்டியே ஒரு வாசல் வைத்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு எதிர்வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கிறைஸ்ட்சர்ச்சின் கிழக்கு நிலம் அதிர்வில் இளகக்கூடியது என்பது நிலநடுக்கத்துக்கு முன்பே வரைபடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. தெரிந்திருந்தும் அங்கே மக்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். இளைஞர்களின் உழைப்பைக் கொண்டாடும் சமூகம், அந்த நிலத்தில் குடியமர்த்தியது யார் என்ற கேள்வியை ஒத்திப்போடும் என்பார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் அப்படி நடக்கவில்லை. நான்கே மாதத்தில் அரசு நிலத்தின் நிலையை ஒப்புக்கொண்டது. என்னை உறுத்துவது அதைவிடச் சிறியது. முற்றம் சுத்தமான அன்று, இங்கேயே மறுபடி வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணம் அந்த வீட்டாருக்கு வந்திருக்கும். விட்டுப்போக வேண்டிய நிலத்தின் மீது பிறந்த அந்த நம்பிக்கை, ஜூன் மாத அறிவிப்பைத் தாங்கும் வலுவைக் கொடுத்ததா, அல்லது அந்த அடியை இன்னும் ஆழமாக்கியதா? ஏவன் கரையில் வீடுகள் இருந்த இடம் இன்று சுமார் 600 ஹெக்டேர் திறந்தவெளி. அங்கிருந்து போனவர்களில் சிலர் ஒரு பதிலையும் சிலர் நேரெதிரான பதிலையும் சொல்லக்கூடும். அன்று நான் அங்கே இருந்திருந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். அது அவர்களுக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கும் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.