பர்க் என்னும் பெயரும் இடத்திற்கொரு அறமும்

அயர்லாந்தில் பிறந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்த எட்மண்ட் பர்க்கின் (1729–1797) குடும்பப்பெயர், ஆங்கிலத்தில் 'பர்க்கியன்' என்னும் பெயரடையாக நிலைத்துவிட்டது. முன்னோர் விட்டுச்சென்ற நிறுவனங்களைப் போற்றுகிற, ஏட்டுக் கோட்பாடுகளின் பெயரால் அவற்றை இடித்துத் தள்ளுவதை அஞ்சுகிற அரசியல் மனப்போக்கை அது குறிக்கிறது. அக்குடும்பப்பெயரின் ஒலியையே உடைய ஒரு வினைச்சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. ஒரு விசாரணையையோ விவாதத்தையோ எழவிடாமல் அமுக்கிவிடுதல் என்பது அதன் பொருள். 1828இல் எடின்பரோவில் கூட்டாளி ஒருவனுடன் சேர்ந்து பதினாறு பேரைக் கொன்று, அவ்வுடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்று, மறு ஆண்டு தூக்கிலிடப்பட்ட வில்லியம் பர்க், மூச்சை அடைத்துக் கொன்ற முறையிலிருந்து வந்தது அச்சொல். அவனும் அயர்லாந்தில் பிறந்தவன் என்பதைத் தவிர அரசியலாளருக்கும் அவனுக்கும் தொடர்பில்லை. மெய்யியல் நோக்கில் ஆராயத்தக்கது பெயரடையே. ஏனெனில் அது பர்க்கின் சிந்தனையில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டது.

எடுத்துக்கொண்ட பாதி, பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து அவர் 1790இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் மோர்லி போன்ற தாராளவாதிகளும் அவரைத் தம்மவராகவே படித்தார்கள். 1953இல் அமெரிக்கரான ரஸ்ஸல் கிர்க் எழுதிய நூலுக்குப் பிறகு அப்பெயர் பழைமைவாதத்தின் அடையாளமாக இறுகியது. பர்க்கோ தம் இறுதிக் காலத்தில், தம்முடைய பணிகளில் மிக உயர்வாக மதித்தது இந்தியாவுக்காக உழைத்ததையே. அந்த உழைப்பில்தான் அவருடைய சமய நம்பிக்கையின் அடித்தளம் தெளிவாகத் தெரிகிறது.

வழக்காறு என்பது பல தலைமுறைகளின் அறிவு திரண்ட வடிவம் என்று ஒருவர் கொண்டால், ஒவ்வொரு நாட்டின் அறமும் அந்த நாட்டுக்கு மட்டுமே உரியதாகிவிடாதா என்னும் கேள்வி உடனே எழுகிறது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் இக்கேள்வியைத் தமக்குக் கேடயமாக்கிக்கொண்டார்; ஆசியாவில் ஆட்சி என்றாலே வரம்பற்ற ஆட்சிதான், அங்கிருந்த முறைப்படியே தாம் ஆண்டதாக அவர் தரப்பு வாதிட்டது. 1788 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையின் முன் ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கில் குற்றச்சாட்டுகளைத் தொடங்கிவைத்துப் பல நாள்கள் பேசிய பர்க், இந்த வாதத்துக்கு புவியியல் ஒழுக்கம் என்று பெயரிட்டார். பூமியின் ஒரு கோட்டைத் தாண்டியதும் நன்மையும் தீமையும் இடம்மாறிவிடும் என்கிற கொள்கை அது. மனிதர் இயற்றும் சட்டங்களுக்கெல்லாம் முந்தியதும் மேலானதுமான இறைச்சட்டம் ஒன்று உண்டு, ஆள்பவரும் ஆளப்படுபவரும் அதற்குள் பிறந்தவர்களே, ஆகவே வரம்பற்ற அதிகாரத்தைக் கொடுக்க அரசருக்கோ நாடாளுமன்றத்துக்கோ உரிமையில்லை, பெற்றுக்கொள்ளக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உரிமையில்லை என்பது அவர் மறுப்பின் சாரம்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. இஸ்லாமியச் சட்டத்தையும், தைமூரின் பெயரால் வழங்கிய ஆட்சிநெறி நூலையும், இந்துக்களின் சட்டத்தொகுப்பையும் எடுத்துக்காட்டி, ஆசியாவில் சட்டமே இல்லை என்பது பொய்யென்று நிறுவ முயன்றார். பர்க்கின் இரு பாதிகளும் இணையும் இடம் இதுவே: பொது அறம் வானத்தில் தனித்து நிற்பதன்று, ஒவ்வொரு மக்களின் வழக்காற்றுக்குள்ளும் அது வேரூன்றியிருக்கிறது, எனவே ஒரு மக்களின் வழக்காற்றை மிதிப்பவன் பொது அறத்தையே மிதிக்கிறான். வழக்கு 1795இல் விடுதலையாக முடிந்தாலும், அவ்வாதத்தின் வலிமை அத்தீர்ப்பால் குறைந்துவிடவில்லை.

இக்கருத்து தமிழ்நிலத்தைத் தொட்டே முன்னதாக உருப்பெற்றது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் கடன்களைப் பற்றி 1785 பிப்ரவரி 28இல் ஆற்றிய உரையில், பால் பென்ஃபீல்டு முதலிய கடன் கொடுத்தவர்கள் நவாபின் ஆட்சியிலிருந்த கர்நாடகப் பகுதியின் வரிப்பணத்தை உறிஞ்சியதையும், தஞ்சாவூர் நவாபுக்காகக் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்பட்டதையும் அவர் கண்டித்தார். அவ்வுரையின் மிக ஆழ்ந்த பகுதி ஏரிகளைப் பற்றியது. கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமானதுமான ஏரிகள் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று கணக்கிட்ட பர்க், தம் காலத்துக்கு அப்பாலும் குடிகளைக் காக்க எண்ணிய உண்மையான அரசர்களின் நினைவுச்சின்னங்கள் அவையே என்றார். இந்தியாவை ஒருநாளும் கண்டிராத ஒருவர், இறந்தவர், வாழ்பவர், பிறக்கவிருப்பவர் ஆகிய மூவருக்குமிடையேயான உறவாகச் சமூகத்தைக் காணும் தம் கொள்கைக்கு வெட்டிய கரையிலும் தேங்கிய நீரிலும் சான்று கண்டது போற்றத்தக்கது.

இந்தப் பார்வை அவருக்கு அயர்லாந்திலிருந்து வந்திருக்க வேண்டும். அவர் தாய் கத்தோலிக்கர்; அந்நாட்டின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கரை நிலவுரிமையிலிருந்தும் கல்வியிலிருந்தும் பதவிகளிலிருந்தும் விலக்கிய சட்டங்களின் நிழலில் அவர் வளர்ந்தார். அவற்றைப் பற்றி 1760களில் எழுதி, வாழ்நாளில் வெளியிடாமல் விட்ட கட்டுரையில், ஒரு மக்கள்திரளின் நலனுக்கே எதிராக இயற்றப்பட்டது முறைப்படி நிறைவேறியிருந்தாலும் சட்டமாகாது என்று வாதிட்டார். நீண்டகாலமாக இருப்பது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடும் என்று கொண்டவர் இப்படி எழுதியிருக்க முடியாது.

ஆயினும் அவருடைய சமன்பாட்டில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 1788 உரையில் சாதியை இழப்பது ஓர் இந்துவுக்கு எத்தகைய பேரழிவு என்பதை அவர் உருக்கமாக விவரித்தார். சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டவருக்குச் சாதி இருப்பதே எத்தகைய பேரழிவு என்று கேட்கவில்லை. அயர்லாந்தின் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டம் அயலார் திணித்தது. தீண்டாமையோ உள்ளிருந்தே வளர்ந்து, பல தலைமுறைகளின் ஒப்புதலையும் சமயத்தின் முத்திரையையும் பெற்றது. பொது அறம் வழக்காற்றில் உறைகிறது என்ற அவர் கொள்கை, அறத்துக்கு மாறான வழக்காற்றை எந்த அளவுகோலால் இனங்காண்பது என்பதைச் சொல்லவில்லை. அயர்லாந்துக் கட்டுரையில் அந்த அளவுகோல் இருந்தது: பாதிக்கப்படும் மக்களின் நலன். இந்தியாவுக்கு வந்தபோது கம்பெனியின் கொடுமையை அளக்க அவர் அதைப் பயன்படுத்தினார். இந்தியச் சமூகத்தின் உள்ளமைப்பின்மீது அதை வைத்துப் பார்க்கவில்லை.