ஆற்றாமையும் ஆற்றலும்

"மனசு சரியில்லையா? அதை அப்படியே எழுத்தா மாத்திடு" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் இன்னும் கொஞ்சம் கூடும். சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு மாவு மில் ஓடுகிறது. இந்தப் பக்கம் விரக்தியைக் கொட்டினால் அந்தப் பக்கம் கவிதை வந்து விழும் என்கிற நம்பிக்கை. அப்படி விழும் என்றால், காலை எட்டரை மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்நேரம் மகாகவி ஆகியிருக்க வேண்டுமே?

ஃப்ரஸ்ட்ரேஷன் என்று நாம் சொல்வதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: ஆற்றாமை. ஆற்றல் என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். ஆற்று. கடமை ஆற்றுகிறோம், உரை ஆற்றுகிறோம் என்னும்போது அது செய்வதைக் குறிக்கிறது. டீயை ஆற்றுகிறோம் என்னும்போது சூட்டைத் தணிப்பதைக் குறிக்கிறது. ஆகவே ஆற்றாமை என்பது செய்யவும் முடியாத, தணிக்கவும் முடியாத நிலை என்று எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்து வெளியே வர வழியும் ரெண்டுதான். ஒன்று ஆறிப்போவது. இன்னொன்று எதையாவது ஆற்றுவது. இந்த ரெண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்பதுதான் என் சந்தேகம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் மூன்று வருஷம் சம்பள உயர்வு இல்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்" என்பார்கள். ராத்திரி ரூமுக்கு வந்ததும் போனை எடுத்து எழுதித் தள்ளுவேன். வேலையை விட்டு ரொம்ப நாள் கழித்து அதையெல்லாம் மொத்தமாகப் படித்துப் பார்த்தேன். எனக்கு, என்னை, என்கிட்ட. இந்த மூன்று சொல்லில் ஒன்றாவது இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு பத்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது. எங்கள் ஃப்ளோரைத் துடைக்க வரும் அக்கா லிஃப்டில் ஏறக் கூடாது என்று விதி. தண்ணீர் வாளியோடு நாலு மாடி ஏறி வருவார். எந்தெந்த மாடித் திருப்பத்தில் வாளியைக் கை மாற்றுவார் என்றுகூட அந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதில் நான் எங்கேயும் இல்லை. பின்னால் கதையாக வளர்ந்தது அந்தப் பத்திதான். மற்றவை வீண் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு என்னைத் தூங்க வைத்தது அவைதான். அது ஆறுதல். ஆனால் ஆறுதல் வேறு, ஆக்கம் வேறு.

இந்த வித்தியாசத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு சி.சு. செல்லப்பா ஞாபகத்துக்கு வருவார். 1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 46. மணிக்கொடி காலத்திலேயே பெயர் வாங்கிவிட்ட சிறுகதைக்காரர். "என்னை யாரும் கண்டுக்கல" என்ற வருத்தம் மட்டும்தான் முதலீடு என்றால், தன் கதைகளை நாலு இதழில் போட்டுத் தீர்த்துவிட்டுக் கடையைக் கட்டியிருக்கலாம். அவர் பார்த்த குறை வேறு. அன்றைய பெரிய பத்திரிகைகளில் தொடர்கதைக்கு இடம் இருந்தது. ஒரு படைப்பை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக அலசுகிற விமர்சனத்துக்கு இடம் இல்லை. யாப்பை விட்டு வெளியே வந்த கவிதைக்கும் இல்லை. 'எனக்கு இடமில்லை' என்பது 'இதற்கு இடமில்லை' என்று மாறுகிற புள்ளி ஒன்று இருக்கிறது. அங்கேதான் ஆற்றாமை வேலையாக மாறுகிறது என்று நினைக்கிறேன்.

அப்படி உண்டான இடத்துக்குள் மற்றவர்களும் வர முடிந்தது. மூத்தவரான ந. பிச்சமூர்த்தி வந்தார். திருகோணமலையிலிருந்து பிற்பாடு பிரமிள் என்று அறியப்பட்ட தருமு சிவராமு எழுதினார். வெங்கட் சாமிநாதன் விமர்சகராக உருவானார். 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற கவிதைத் தொகுப்பு வந்தது. 1970 வரை 119 இதழ்கள்! கோபம் ஒரு ராத்திரிக்குத் தாங்கும், மிஞ்சிப்போனால் ஒரு மாசத்துக்கு. 119 இதழுக்குப் ப்ரூஃப் பார்ப்பது, சந்தா கேட்டுக் கடிதம் போடுவது, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் காலேஜாக ஏறி இறங்குவது, இதெல்லாம் கோபத்தின் வேலை இல்லை, பழக்கத்தின் வேலை. கோபம் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அதற்கு உலகம் கூலி கொடுத்ததா என்று கேட்டால், உடனே கொடுக்கவில்லை. மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல் அவரே வெளியிட்டார். 1998இல் காலமானார். அந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வந்தது 2001இல்.

இங்கேதான் என்னை உறுத்துகிற கேள்வி வருகிறது. விரக்தியைப் படைப்பாக மாற்றிவிட்டால், அந்த விரக்திக்குக் காரணமானவர்களின் கணக்கு என்ன ஆகும்?

பீகாரில் கயா பக்கத்தில் இருக்கிற கெலௌர் கிராமத்து தசரத் மாஞ்சியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறுக்கே மலை. சமயத்துக்கு வைத்தியம் கிடைக்காமல் அவர் மனைவி 1959இல் இறந்துபோனார். மாஞ்சி சுத்தியலும் உளியுமாக மலையில் உட்கார்ந்தார். 1960 முதல் 1982 வரை, 22 வருஷம். சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு வழி திறந்தது. அத்ரிக்கும் வஜீர்கஞ்சுக்கும் இடையே 55 கிலோமீட்டராக இருந்த தூரம் 15 ஆகச் சுருங்கியது. அந்த வழி அவர் மனைவிக்கு இனி பயன்படாது. தெரிந்தேதான் வெட்டினார். இங்கேயும் 'என் மனைவிக்கு வழியில்லை' என்பது 'ஊருக்கு வழியில்லை' என்று மாறியிருக்கிறது.

இன்று அவர் மோட்டிவேஷன் போஸ்டராகிவிட்டார். 'அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?' இதில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. 110 மீட்டர் பாதை போடுவது ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நிலமில்லாத ஒரு கூலித் தொழிலாளி தன் வாழ்நாளில் 22 வருஷத்தைக் கொடுத்துச் செய்ய வேண்டியது இல்லை. அவரைக் கும்பிடுகிற நாம், அந்த 22 வருஷமும் அரசாங்கம் எங்கே போனது என்று கேட்காவிட்டால், நம் கும்பிடு அந்தக் கேள்வியை மூடி வைக்கத்தான் பயன்படும். "உன் வலியைச் சக்தியா மாத்து" என்று சொல்கிற பல பேருக்கு, வலியைக் கொடுத்தவனிடம் போய் நியாயம் கேட்க மனசில்லை. நம்மிடம் சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

என் கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த அக்காவுக்கு அதனால் என்ன? லிஃப்ட் விதி ஒரு வரிகூட மாறியிருக்காது. கதை எழுதியதால் அந்த அநியாயத்துக்கு நான் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தால் அது பொய். கதை ஒரு கணக்கு, லிஃப்ட் இன்னொரு கணக்கு. முதலாவதில் வரவு வைத்து இரண்டாவதை அடைக்க முடியாது. லிஃப்டுக்காக மனு எழுத வேண்டும், யூனியன் வேண்டும், நாலு பேர் சேர்ந்து போய் நிற்க வேண்டும். அதுவும் ஆற்றுவதுதான்.

விரக்தியில் இருக்கிற யாருக்கும் எதையாவது படைத்தே தீர வேண்டும் என்ற கடமை இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் எதையும் வீணடிக்கவில்லை. அவனுக்கு முதலில் தூக்கம் வேண்டும், சாப்பாடு வேண்டும், ஒரு நல்ல முதலாளி கிடைத்தால் அதுவும் வேண்டும்.

ஆனால் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கிற ஒரு நாளில் ஒரு வேலை செய்து பார்க்கலாம். 'இங்கே என்ன இல்லை?' என்று கேட்டு, பதிலை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரியில் 'எனக்கு' என்ற சொல் இருந்தால் பரவாயில்லை, அது உங்களை ஆற்றட்டும். அந்தச் சொல் இல்லாமலே வரி நின்றால், நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது.