பொத்தான்

ஆங்கிலேயர் ஆண்ட காலத்துக் கென்யப் பள்ளியில் காலையில் ஒரு பையன் கையில் பொத்தான் ஒன்றைக் கொடுப்பார்கள். தாய்மொழியில் பேசி அகப்பட்டவன் கைக்கு அது மாறும். அவன் இன்னொருவனைப் பிடித்து அவனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் பொத்தான் யாரிடம் இருக்கிறதோ அவன், தனக்குக் கொடுத்தவனைக் காட்டுவான். அந்தப் பையன் தனக்குக் கொடுத்தவனைக் காட்டுவான். இப்படி, அன்று தாய்மொழியான கிகூயூவில் பேசிய அத்தனை பேரும் சிக்குவார்கள். பிரம்படி விழும், இல்லையென்றால் 'நான் கழுதை' என்று எழுதிய தகரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். அடியைவிடப் பொத்தான்தான் கொடியது. கூடப் படிப்பவனைக் காட்டிக்கொடுக்க அல்லவா அது பழக்கியது!

அந்தப் படிப்பில் தேறி வந்தவர் கூகி வா தியாங்கோ. உகாண்டாவின் மகரேரே, இங்கிலாந்தின் லீட்ஸ் என்று போய்ப் படித்து, ஆங்கில நாவல்களால் பெயர் பெற்று, நைரோபியில் பேராசிரியராகவும் ஆனார். கிகூயூவில் எழுத வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

இங்கேதான் ஒரு நெருடல். ஊர்மொழியின் அருமை, வெளியே போய்த் திரும்பியவர் கண்ணுக்குத்தான் சட்டென்று படுகிறது. ஊரிலேயே இருந்தவர்களுக்கோ பிள்ளை ஆங்கிலம் படித்து வேலைக்குப் போக வேண்டுமே என்பது கவலை. ஏறி முடித்தவர் மேலே நின்றுகொண்டு 'ஏணி எதற்கு?' என்று கேட்டால் அது அறமா, வசதி வந்தபின் தோன்றும் ஏக்கமா? நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி ஆங்கிலத்தைக் கைவிடவில்லை. பல மொழிக்காரர்கள் ஒரே நாடாகச் சேர்க்கப்பட்ட இடத்தில், கைக்குக் கிடைத்த பொதுமொழியைத் தனக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கூகியின் பக்கம் நியாயம் கூடுவது அவர் திரும்பிய விதத்தால்தான். 1976இல் ஒரு நாள் அதிகாலையில், லிமுருவை அடுத்த கமிரீத்து கிராமத்திலிருந்து ஒரு பெண் அவர் வீட்டுக்கு வந்தார். இவ்வளவு படித்திருக்கிறீர்களே, அதில் கொஞ்சம் ஊருக்கும் தரக் கூடாதா என்று கேட்டார். மறு வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் விடவில்லை. ஊர் கேட்டது, பேராசிரியர் போனார். மொழியைக் காப்பாற்றுகிறேன் என்று அவராகக் கிளம்பிப் போகவில்லை.

போன இடத்தில் வாத்தியார் வேலை நெடுநாள் நிலைக்கவில்லை. கூகி வா மீரீ என்ற இன்னொருவருடன் சேர்ந்து அவர் கிகூயூவில் எழுதிய நாடகத்தை ஊரார் கேட்டுத் திருத்தினார்கள். கிழவர் இப்படியா பேசுவார், பழமொழி வைத்துப் பேச வேண்டாமா என்றார்கள். அவர்களே கட்டிய திறந்தவெளி அரங்கில் 1977 அக்டோபரில் நாடகம் ஏறியது. சில வாரங்களில் தடை விழுந்தது. அவர் பல ஆண்டுகளாக ஆங்கிலத்தில் எழுதியபோது சும்மா இருந்த அரசு, உழவனுக்குப் புரியும் மொழியில் பேசியதும் அந்த ஆண்டுக் கடைசி நாளில் அவரைப் பிடித்துப்போனது. தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்திருக்கும் நாவலைக் காமிட்டிச் சிறையின் கழிப்பறைத் தாளில் எழுதினார். கைதியை வதைக்கவே கொடுத்தது போலச் சொரசொரப்பான தாள். பேனாவுக்கு அது தோதாக இருந்ததாம். விலை கொடுத்தவர் பேச்சுக்கு ஒரு எடை உண்டு.

ஆனாலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. 1982 முதல் 2004 வரை நாடு திரும்ப முடியாத அவருக்குச் சோறு போட்டதில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆங்கிலத்துக்கும் பங்குண்டு. கிகூயூவும் சிறிய மொழியல்ல. கென்யாவில் ஆள்பலமும் ஆட்சிபலமும் கண்ட மொழி. துர்க்கானா ஏரிக்கரையில் எல் மோலோ மக்களின் பழைய மொழி அழிந்துபோனது; இன்று அவர்கள் பேசுவது அண்டை அயலாரின் சம்புரு. விழுங்கியது ஆங்கிலம் அல்ல. அங்கே திரும்பி வருகிறவரைத் திருத்த ஒரு கிழவரைத் தேட வேண்டும்.

அடுத்த தலைமுறையைத் தாய்மொழியில் கட்டிப்போடலாமா என்பது இன்னும் கடினமான கேள்வி. கூகி 2025இல் காலமானார். மகன் முகோமா வா கூகி நாவல்கள் எழுதுவது ஆங்கிலத்தில். அதே முகோமா சுவாஹிலி இலக்கியத்துக்கு ஒரு பரிசை ஏற்படுத்தியவர்களில் ஒருவர். சுவாஹிலி அவர் அப்பா எழுதிய மொழி அல்ல.