அந்தக் கலர் பாட்டிலைக் கீழே வை, தம்பி

தம்பி, போன வாரம் கல்யாண மண்டபத்தில் உன்னைப் பார்த்தேன். பந்தியில் ஒரே ஒரு இட்லி வாங்கி, அதையும் விண்டு விண்டு நன்றாக மென்று சாப்பிட்டாய். பார்க்க மனசு நிறைந்தது. கை கழுவிவிட்டு நீ வந்ததும், "இந்தாங்க மாப்ள, கலர் குடிங்க" என்று யாரோ பன்னீர் சோடாவை நீட்டினார்கள். கொஞ்சம் தயங்கினாய். பிறகு வாங்கிவிட்டாய். நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாதி பாட்டில் காலியானது. அன்றைக்குப் பேசாமல் இருந்தது என் தப்பு, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

உனக்கு எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இரைப்பை பைபாஸ் செய்து ஆறு வருடம். எட்டாவது மாதத்தில் நானும் இப்படித்தான் ஒரு விசேஷ வீட்டில் கை நீட்டினேன். பாதி பாட்டில் உள்ளே போய் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. வயிற்றை முறுக்கியது. மண்டபத்துப் பின்கட்டில், காய்கறி மூட்டைகளுக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தேன். சர்க்கரைத் தண்ணீர் சிறுகுடலில் ஒரேயடியாகக் கொட்டுவதால் வருவது அது. டாக்டர்கள் டம்பிங் என்பார்கள். அன்றைக்குப் பட்ட அவதி என்னை நிறுத்தியது.

உனக்காக நான் பயப்படுவது இதனால்தான். பைபாஸ் செய்தவர்களுக்கு அடிக்கிற இந்த எச்சரிக்கை மணி, ஸ்லீவ் செய்தவர்களுக்கு அவ்வளவாக அடிப்பதில்லை. நீ குடித்தாய், ஒன்றும் ஆகவில்லை. சிரித்துப் பேசிவிட்டு வண்டியில் ஏறிப் போனாய். "நமக்கு ஒத்துக்கொள்கிறது" என்று மனசு கணக்குப் போட்டிருக்கும். ஒத்துக்கொள்வதுதான் ஆபத்து, தம்பி.

உன் இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். அதில் 100, 150 மில்லிதான் கொள்ளும். சோறோ சப்பாத்தியோ என்றால் நாலு வாயில் அது நிரம்பி, போதும் என்று நிறுத்திவிடும். குளிர்பானத்துக்கு அந்த அணை கிடையாது. மடை திறந்த மாதிரி வழிந்து கீழே போய்விடும். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு இட்லிக்கு மேல் இறங்காத வயிற்றில் ஆறு கரண்டி சர்க்கரை சத்தமில்லாமல் இறங்குகிறது. தினம் ஒரு பாட்டில் என்று ஆனால், உன் அம்மா நகையை அடகு வைத்துச் செய்த ஆபரேஷனுக்கு என்ன அர்த்தம்?

இன்னொன்றும் கேள். வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. அதனால்தான் இப்போது உனக்குப் பசியே தெரியவில்லை. இது என்றைக்கும் இப்படியே இருக்காது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் போனால் பலருக்குப் பசி திரும்புகிறது. இப்போது கிடைத்திருப்பது ஒரு தவணை. நல்ல பழக்கங்களை இந்தத் தவணைக்குள் ஊன்றிவிடு. பசி திரும்பும் நாளில் சோடாப் பழக்கமும் கூடவே இருந்தால் எடை ஏறுவதைப் பிடித்து நிறுத்துவது மிகவும் கஷ்டம்.

சரி, சர்க்கரை இல்லாத டயட் கோலா குடிக்கலாமே என்பாய். வாயுவை என்ன செய்வாய்? கோலி சோடா பாட்டிலை நினைத்துப் பார். கழுத்தில் இருக்கிற கண்ணாடிக் கோலியை மேலே தள்ளி, சொட்டுக்கூடக் கசியாமல் அடைத்து வைத்திருப்பது உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தம்தான். கட்டைவிரலால் அழுத்தினால் எப்படிச் சீறுகிறது! கோலா வகைகளில் பானத்தின் அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வாயு கரைந்திருக்கிறது. அது தையல் போட்ட அந்தச் சின்னக் குழாய்க்குள் விரிகிறது. சோடா குடித்தால் பை பெரிதாகிவிடும் என்று சிலர் மிரட்டுவார்கள். அது உறுதியாக நிரூபணமான விஷயமில்லை, அதைச் சொல்லி உன்னை மிரட்ட மாட்டேன். ஆனால் வயிற்று உப்புசமும் நெஞ்செரிச்சலும் நிச்சயம் உண்டு. ஸ்லீவ் செய்தவர்களுக்கு எதுக்களிப்பு ஏற்கெனவே பெரிய தொல்லை. தவிர, இனிப்புக்காக நாக்கு காத்துக் கிடக்கும் பழக்கம் டயட் பாட்டிலிலும் விடுவதில்லை.

நம் ஊரில் பிறந்ததிலிருந்து காதில் விழுகிற ஒரு வார்த்தை உண்டு: "நெஞ்சை அடைக்குதா? ஒரு உப்பு சோடா குடி, ஏப்பம் வந்தா சரியாயிடும்." உன் விஷயத்தில் இதை அடியோடு மறந்துவிடு. அந்த ஏப்பத்தில் பெரும்பகுதி சோடாவே கொண்டுவந்த காற்று. இப்போது உனக்கு நெஞ்சடைத்தால் அவசரமாகச் சாப்பிட்டிருப்பாய், அல்லது மெல்லாமல் விழுங்கியிருப்பாய். எழுந்து மெதுவாக நட. வலி விடவில்லை, வாந்தி நிற்கவில்லை, நாடி வேகமாக அடிக்கிறது, காய்ச்சல் என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே போ. சோடாக் கடைக்குப் போகாதே.

ஆசை வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு நாலு மணிக்கு வரும், அலுவலகம் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐஸ் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டதும். மூன்று மாதம் வேறு தெரு வழியாக நடந்தேன். பாதி நேரம் அது வெறும் தாகம் என்று பிறகுதான் புரிந்தது. இப்போதெல்லாம் உன்னால் ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாது, அதனால் நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். ஒன்றரை லிட்டராவது உள்ளே போகட்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதே, சாப்பிட்டு அரை மணி நேரம் விடு. நாக்கு சுள்ளென்று ஏதாவது கேட்டால் இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோர், சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீர், ஆறவைத்த சீரகத் தண்ணீர். நன்னாரி சர்பத் வேண்டாம், அதுவும் சர்க்கரைப் பாகுதான்.

வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு லிட்டர் பாட்டில் நிற்கிறதாமே. பிள்ளைகளுக்கு என்று சொல்லாதே. அந்தப் பிள்ளைகளுக்கும் அது வேண்டாம். இன்றைக்கே எடுத்துச் சாக்கடையில் ஊற்று.

மண்டபத்தில் குடித்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த செக்கப்புக்குப் போகாமல் இருந்துவிடாதே. போய், டயட்டீஷியனிடம் உள்ளதை உள்ளபடி சொல். நான் என்னுடையதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு, யாரோடு, என்ன சாப்பிட்டபின் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டு வளைகாப்புக்கு நீ வருவாய் என்று தெரியும். உன் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருகிறேன். கலர் தட்டு நம் வரிசைக்கு வரும்போது நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், "எங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம்" என்று நானே சொல்லிவிடுகிறேன். ஃபிளாஸ்க்கில் மோர் கொண்டுவருகிறேன். உன் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு வா.