ஜவ்வாது மலைக்கு ஓர் ஆற்றுப்படை

 

தை பிறந்துட்டாலே வர்ற கேள்விதான். "ரெண்டு நாள் லீவு இருக்கு, சென்னையில இருந்து கார்ல கிளம்பறோம். மலையும் பார்க்கணும், பழைய ஊரும் பார்க்கணும், முருகனையும் கும்பிடணும். ஒரு பிளான் போட்டுக் குடுங்க." இந்தத் தடவை நாங்க நாலு பேர் போறதா இருக்கோம். அதனால எங்களுக்குப் போட்ட பிளானையே உங்களுக்கும் சொல்லிடறேன். போற இடம் ஜவ்வாது மலை.

பிளான் போடும்போது ஒரு சிக்கல் வந்துச்சு. கூட வரவேண்டிய ஒருத்தன் என்னோட காலேஜ் நண்பன். அஞ்சு மாசமா வேலை இல்ல. ஆள்குறைப்புல போனது. "வேலை கிடைச்சதும் வர்றேன்டா. இப்ப ஊர் சுத்தற நிலைமையில நான் இல்ல"ன்னான். கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா தமிழ்ல இருக்கிற பழைய பயண வழிகாட்டியை எல்லாம் எடுத்துப் பாருங்க. அதெல்லாம் யாருக்காக எழுதினது தெரியுமா? வேலை இல்லாதவங்களுக்காக.

விளையாட்டுக்குச் சொல்லல. பத்துப்பாட்டுல அஞ்சு பாட்டு ஆற்றுப்படை. ஆறுன்னா வழி, படுத்துறதுன்னா அதுல செலுத்துறது. ஒரு பாணனோ கூத்தனோ வறுமையில, சுத்தத்தாரோட பசியில நடந்து வர்றான். எதிர்ல ஒருத்தன், ஏற்கெனவே ஒரு வள்ளல்கிட்ட போய் வயிறாரச் சாப்பிட்டு, பரிசு வாங்கிட்டு வர்றவன். அவன் இவனை நிறுத்தி, "இந்த வழியா போ, இங்க தங்கு, இது கிடைக்கும், இதுக்குப் பயப்படு, அவரைப் பார்த்தா இப்படிப் பேசு"ன்னு சொல்றான். அவ்வளவுதான் அந்த இலக்கியம். கிடைச்சவன் கிடைக்காதவனுக்கு வழி சொல்றது. சும்மா பொழுதுபோக்கப் போறவனுக்கு அதுல இடமே இல்ல!

அதுல ரெண்டு பாட்டு நம்ம பயணத்துக்கு நேரடியா வேணும். ஒண்ணு நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படை, பத்துப்பாட்டுல முதல்ல வர்றது. இன்னொண்ணு மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடினது. செங்கண்மாவுல இருந்த நன்னனைப் பார்க்கப் போற கூத்தனுக்கு வழி சொல்ற 583 அடி. செங்கண்மாதான் இன்னிக்கு திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கிற செங்கம். அதாவது ஜவ்வாது மலையோட அடிவாரம். நம்ம கார் போற பகுதிக்கு ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் ரோடு டிரிப் பிளான் எழுதி வச்சிருக்கார்!

அதுல என்னவெல்லாம் இருக்கு பாருங்க. காட்டுப்பன்றிக்கு வச்ச பொறி இருக்கும், பார்த்துப் போங்க. தினைப்புனத்துல காவல் இருக்கிறவங்க யானையை விரட்டக் கவண்கல் வீசுவாங்க, ஒதுங்கிப் போங்க. வழுக்குற இடம் இருக்கும். பொழுது சாஞ்சா மேல நடக்காதீங்க, குகைக்குள்ள உங்க வீடு மாதிரி தங்கிட்டு விடிஞ்சதும் கிளம்புங்க. வழியில நடுகல் வந்தா யாழ் வாசிச்சு வணங்கிட்டுப் போங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்: வழி பிரியற இடத்துல, பின்னாடி வர்றவங்களுக்கு எது சரியான பாதைன்னு தெரியறதுக்காக, புல்லை முடிச்சுப் போட்டு அடையாளம் வச்சிட்டுப் போங்கன்னு சொல்றார். கூகுள் மேப்ல நாம பின் போடறோமே, அதே வேலை. என்ன, இதுக்கு சிக்னல் வேண்டாம். ஜவ்வாது மலை மேல எல்லா இடத்துலயும் சிக்னல் கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கோங்க.

சரி, பயணத்துக்கு வர்றேன்.

சனிக்கிழமை விடியக்காலை 5 மணிக்குச் சென்னையில கிளம்பினா முதல் நிறுத்தம் காஞ்சிபுரம். பட்டுக்கடைக்குள்ள நுழைஞ்சுடாதீங்க, நேரா குமரகோட்டம். ஏகாம்பரநாதருக்கும் காமாட்சி அம்மனுக்கும் நடுவுல முருகன் இருக்கிறதால ஊரே சோமாஸ்கந்தம்னு பெரியவங்க சொல்வாங்க. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதினது இங்கதான். பத்தாயிரத்துக்கும் மேல பாட்டு. அன்னன்னிக்கு எழுதின ஓலையை ராத்திரி கருவறையில வச்சுட்டுப் போவாராம், காலையில வந்து பார்த்தா முருகனே திருத்தி வச்சிருப்பாராம். நம்ம பாஷையில சொன்னா கோடு ரிவ்யூ. அப்படியும் அரங்கேற்றத்துல முதல் பாட்டுலயே ஒரு சந்தி இலக்கணத்துக்குப் பொருந்தலைன்னு சபையில ஒருத்தர் எழுந்துட்டார். அதுக்கு விதி எங்க இருக்குன்னு காட்டவும் முருகனே புலவர் வடிவத்துல வந்தார்னு கோயில் வரலாறு. கொடுத்த வேலையைப் பாதியில விட்டுட்டுப் போற சாமி இல்ல நம்ம சாமி.

வேலூர்ல கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த கோட்டை. அந்தக் கோயில் பல நூறு வருஷம் மூலவர் இல்லாமலே இருந்து, 1981-லதான் மறுபடியும் லிங்கம் உள்ள வந்துச்சு. கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேணும், அவ்வளவு நேரம் நமக்கு இல்ல. வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் வழியா மலை ஏறணும். ஏறறதுக்கு முன்னாடியே பெட்ரோல் போட்டுக்கோங்க.

மலையில முதல்ல வர்றது காவலூர். இந்தப் பயணத்துல நான் ரொம்ப எதிர்பார்க்கிற இடம் இது. கோயில் இல்ல, தொலைநோக்கி நிலையம். வைணு பாப்புங்கிற வானியல் அறிஞர் நல்ல இருட்டான வானம் தேடி அலைஞ்சு கண்டுபிடிச்ச இடம். 1968-ல 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பிச்சாங்க. 1977-ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு உலகம் கண்டுபிடிச்சப்போ, அதைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை நம்ம நாட்டுலயே செய்யணும்னு பாப்பு கனவு கண்டார். 1982-ல அவர் காலமாயிட்டார். தொலைநோக்கி திறந்தது 1986-ல. அது வழியா அவர் ஒரு நட்சத்திரத்தைக் கூடப் பார்க்கல. இன்னிக்கு அதுக்கு அவர் பேர்தான். பின்னாடி வர்றவங்களுக்குப் புல்லு முடிஞ்சு வச்சிட்டுப் போனவர்னு எனக்குத் தோணும். சனிக்கிழமைகள்ல பொதுமக்களை அனுமதிக்கிறது வழக்கம். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க.

முருகன் பயணத்துல இது எதுக்குன்னு கேட்பீங்க. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்தானே நம்ம கந்தனுக்குப் பாலூட்டினவங்க? அவங்களை நேர்ல பார்க்கத்தான். தை, மாசியில சாயங்காலம் இருட்டினதும் தலைக்கு மேல சின்னக் கொத்தா, மங்கலா தெரியும். வெறும் கண்ணுல ஆறு எண்ணலாம். சின்னத் தொலைநோக்கி வச்சா கணக்கு விட்டுப் போயிடும். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி சுமார் 440 வருஷம் ஆச்சு. நகரத்துல தெருவிளக்குல அவங்களை நாம தொலைச்சுட்டோம், மலையில அப்படியே இருக்காங்க. மே மாசம் போனா பார்க்க முடியாது, அப்போ சூரியன் அவங்க பக்கத்துலயே இருப்பார். அதைத்தான் அக்னி நட்சத்திரம்னு சொல்றோம். மழைக்காலத்துல மேகம் மறைச்சுடும். அதனாலதான் தை, மாசின்னு தேதி வச்சேன். ஒரு வேண்டுகோள்: அந்தப் பக்கம் ராத்திரியில ஹைபீம் அடிக்காதீங்க, போன் டார்ச்சை வானத்துல ஆட்டாதீங்க.

ராத்திரி தங்கறது ஜமுனாமரத்தூர். தங்கும் விடுதி ரொம்ப இல்ல, முன்னாடியே பேசி வச்சுக்கணும். மறுநாள் காலையில ஏரியும் பீமன் அருவியும். போட்டோ எடுத்தா அரை மணி, எடுக்கலன்னா கால் மணி.

அங்க இருக்கிற மலைவாழ் மக்களைப் பத்தி ஒரு வார்த்தை. அவங்களை மலையாளிகள்னு சொல்வாங்க, கேரளாவுக்குச் சம்பந்தம் இல்ல, மலையை ஆள்றவங்க. தாய்மொழி தமிழ்தான். சாமை, புளி, பலா, தேன். வள்ளி காவல் இருந்தாளே தினைப்புனம், அதைப் படத்துலதான் பார்த்திருப்போம். இங்க சாமைக் கொல்லையைக் கண்ணால பார்க்கலாம். முருகன் அந்தப் புனத்துக்கு வந்தப்போ வேடனா வந்தார், கிழவனா வந்தார், வள்ளிகிட்ட தேனும் தினைமாவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மலைக்குப் போற நாமளும் அந்த மாதிரிதான் போகணும், கேட்கிறவனா. தேனுக்குப் பேரம் பேசாதீங்க. வீட்டு வாசல்ல நிக்கிற பாட்டியைக் கேட்காம போட்டோ எடுக்காதீங்க. பிளாஸ்டிக் பாட்டிலைக் கீழ இறக்கிட்டு வந்துடுங்க. குன்றுதோறாடல்னு நக்கீரர் பாடினது ஒரு ஊரை இல்ல, எல்லாக் குன்றையும். அப்போ இந்த மலையும் அவர் வீடுதானே, அங்க குப்பை போடுவோமா?

ஞாயித்துக்கிழமை போளூர் பக்கமா இறங்கறோம். கீழ ஓடற செய்யாறு இந்த மலையில பொறக்குது. சேயாறுங்கிறதுதான் பழைய பேர். மலைபடுகடாமும் கூத்தனை இதோட கரையைப் பிடிச்சுப் போன்னுதான் சொல்லுது. சேய்னா முருகன். அம்பாள் வாழைப்பந்தல்ல பூஜைக்குத் தண்ணி கேட்டப்போ, முருகன் வேலை விட்டு வரவழைச்ச ஆறுன்னு தலபுராணம். கலசபாக்கம் பக்கத்துல வில்வாரணி. குன்று மேல முருகன். 27 நட்சத்திரங்களும் கிருத்திகை அன்னிக்கு இங்க வந்து பூஜை பண்றதா ஐதீகம், அதனால நட்சத்திரக் கோயில்னே பேர். முந்தின நாள் ராத்திரி காவலூர்ல தொலைநோக்கியில பார்த்தவங்களை மறுநாள் காலையில சன்னிதியில பார்க்கிறோம். இந்த ரெண்டையும் ஒரே பயணத்துல வைக்கறதுக்காகவே ஸ்பிரெட்ஷீட்டை மூணு தடவை மாத்தினேன்.

போற வழியிலேயே பர்வதமலை தெரியும், மலைபடுகடாம் சொல்ற நவிரம் அதுதான்னு சொல்றாங்க. ஏறணும்னா அதுக்குத் தனியா ஒரு நாள் வச்சுக்கோங்க. அவசரத்துல ஏறற மலை இல்ல.

கடைசியா திருவண்ணாமலை. அருணாசலேஸ்வரரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, ராஜகோபுரம் தாண்டினதும் வர்ற கம்பத்து இளையனார் சன்னிதியில நில்லுங்க. அருணகிரிநாதருக்காக, பிரபுடதேவ மகாராஜா சபையில, முருகன் தூண்ல காட்சி கொடுத்த இடம். இனிமே வாழ வழியே இல்லன்னு கோபுரத்துல ஏறினவரைக் கையில தாங்கிப் பாட வச்சார்னு நாம கேட்டு வளர்ந்த கதையும் இந்தக் கோயில்லதான். திருமுருகாற்றுப்படையில முருகன் இருக்கிற இடங்களை நக்கீரர் அடுக்கும்போது காடு, சோலை, ஆறு, குளம், நாலு வழி கூடற சந்தி, கடம்ப மரம்னு சொல்லிட்டு, தூணையும் சொல்வார். இந்த ரெண்டு நாள்ல அந்தப் பட்டியல்ல பாதிக்கு மேல நாம கடந்து வந்திருப்போம்.

என் நண்பனுக்கு நான் சொன்னது அந்தப் பாட்டோட முடிவைத்தான். அங்க போய் என்ன பேசறதுன்னு கேட்டான். அஞ்சு மாசமா இன்டர்வியூவுல பேசிப் பேசி அவனுக்கு அலுத்துப்போச்சு. நக்கீரர் சொல்றது இதுதான்: உனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவரைப் புகழ்ந்து பாடு. வந்த காரியத்தை நீ சொல்றதுக்கு முன்னாடியே, அவரைச் சுத்தி இருக்கிறவங்க உனக்காகப் பேசுவாங்க. "பாவம், உங்க புகழைக் கேட்டு ஆசையா வந்திருக்கான், இரங்குங்க"ன்னு சொல்வாங்க. நாம நாய் மாதிரி அலையறோமே ரெஃபரல், அது அங்க கேட்காமலே கிடைக்குது. அப்புறம் அவரே வருவார். வானத்தைத் தொடற பெரிய உருவத்தை உள்ளே இழுத்துக்கிட்டு, பழைய இளமையான அழகோட முன்னாடி நின்னு, "பயப்படாதே, நீ வருவேன்னு எனக்குத் தெரியும்"னு சொல்வார்.

வேலை வாங்கித் தருவார்னு நான் அவன்கிட்ட சொல்லல. நக்கீரரும் அப்படிச் சொல்லல. பாட்டுல வர்றவன் கேட்டுப் போனதும் வேலை இல்ல, வீடுபேறு. ஆனா முதல்ல கிடைக்கிறது அந்த "பயப்படாதே". அஞ்சு மாசத்துல அந்த ஒரு வார்த்தையை அவன்கிட்ட யாரும் சொல்லலையாம்.

திரும்பும்போது செஞ்சி, திண்டிவனம் வழி. செஞ்சிக் கோட்டையை ரோட்டுல இருந்தே பார்த்துக்க வேண்டியதுதான், திங்கட்கிழமை காலையில எங்களுக்கு ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கு.

அவன் வர்றேன்னு சொல்லிட்டான். ஒரே நிபந்தனை, பெட்ரோல் காசுல அவனும் பங்கு போடணுமாம். போடட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!