சாரல் நாளில் எரியும் விளக்கு

செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "வெயில்ல அலையாம வீட்டுல இருந்தே நாலு காசு பாக்காங்க" என்பார்கள். ஏதோ சலுகை கிடைத்துவிட்டது போன்ற பேச்சு. அது யாருக்குக் கிடைத்த சலுகை?

பீடிக் கம்பெனிக் கடையில் இலையும் தூளும் வாங்கி வருகிறாள். இலையை நனைத்து, தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சுளகை ஏந்தி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றுகிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஆனி, ஆடியில் வானம் மூடிக் கிடந்தால், பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் இலையின் நரம்பு தெரியும். அந்தக் கரண்டு பில் வீட்டுக் கணக்கு. பள்ளிவிட்டு வந்த மகள் முனை மடக்கிக் கொடுத்தால் அது எந்தக் கணக்கிலும் இல்லை. ஆலையென்றால் கூரையும் விளக்கும் முதலாளி செலவல்லவா?

சம்மதித்துத்தானே செய்கிறாள் என்பது அடுத்த வாதம். அடுப்பும் பிள்ளையும் படுத்த படுக்கையான மாமியாரும் ஒருத்தி பொறுப்பில் இருக்க, வாசலைத் தாண்டாத வேலை இது ஒன்றுதான் என்றால், அதற்குச் சம்மதம் என்று பேர் வைப்பது கொஞ்சம் அதிகம்.

1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என்றது. பீடியைக் கழித்துத் தள்ளும் அதிகாரம் கம்பெனிக்கு இருப்பதையும் கருதி, வருங்கால வைப்பு நிதி இவர்களுக்கும் உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976இன் சம ஊதியச் சட்டந்தான் இங்கே திகைத்து நின்றது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது அது. சுற்றுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெண்களாக இருக்கும் தெருவில் எந்த ஆணின் கூலியோடு ஒப்பிடுவது?

கூலியை ஏற்றினால் சரக்கு வேறு ஊருக்குப் போய்விடும் என்கிறார்கள். போகலாம், அது வெறும் மிரட்டலில்லை. ஆனால் அந்தப் பயத்தைத் தாங்குகிறவர் எப்போதும் சுளகு பிடிக்கிறவராகவே இருப்பது நியாயமா?

பீடி ஆளைக் கொல்லும், தொழிலே ஒழியட்டும் என்பாரும் உண்டு. ஒழியட்டும். ஆனால் புகையிலைத் தூளை இருபது வருஷம் மூச்சில் வாங்கி, முதுகு வளைந்துபோனவளுக்கு மறுநாள் காலையில் என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கடையை மூடட்டும்.